களிமண் வகைகள், மூன்றாம் தொகுதி

மாவட்ட நூலகத்தின் கணினி அறையில், விசையை அழுத்தப் போன அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

ஒரே ஒரு வரி நிரல். ஓட்டினால் போதும். மாவட்டத்தின் இருபத்திரண்டு கிளை நூலகங்களிலும் யார் யாரோ பதினைந்து வருடமாகப் புத்தகக் குறிப்புகளில் அடுத்த வரிக்குப் போகத் தட்டிய என்டர்கள் எல்லாம் மறைந்து, அந்தந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி உட்கார்ந்துகொள்ளும்.

புது மென்பொருளுக்கு என்டர் ஆகாது. குறிப்பின் நடுவில் ஒன்று வந்துவிட்டால், புத்தகம் அங்கேயே முடிந்தது என்று முடிவுகட்டும். மிச்சத்தை இன்னொரு புத்தகமாகப் பட்டியலில் சேர்த்துவிடும். சோதனை ஓட்டத்தில் 'நாற்பதாம் பக்கம் இல்லை' என்பது ஒரு புத்தகமாகிவிட்டது. அதற்கு இரண்டு பேர் முன்பதிவும் செய்திருந்தார்கள்.

"மத்தியானத்துக்குள்ள ஓட்டிரு தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் மேலாளர் பொன்னுலிங்கம் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஓட்டியிருக்கலாம்.

ஆனால் அவளுக்கு ஓர் ஆசை. இத்தனை லட்சம் பதிவுகளில் அதிக என்டர் வாங்கிய புத்தகம் எது?

கணினியிடம் கேட்டாள்.

களிமண் வகைகள், மூன்றாம் தொகுதி. நான்காம் எண் கிளை. என்டர்கள்: நாற்பத்து மூவாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

அந்தப் புத்தகத்தை இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை. கரையான்கூட ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போயிருக்கும்.

குறிப்பைத் திறந்தாள்.

'அட்டை கிழிந்துள்ளது.'

அவ்வளவுதான். கீழே வெள்ளை.

உருட்டினாள். வெள்ளை. இன்னும் உருட்டினாள். மவுஸின் சக்கரம் தேய்ந்து கையோடு வந்துவிடும் போலிருந்தது.

நாற்பது வெற்று வரிகளுக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள்.

பெயர் இல்லை. எழுதியவரின் கிளை எண் மட்டும்.

'9: இங்க கொசு பெரிசு. நேத்து ஒண்ணு வந்து உறுப்பினர் அட்டை கேட்டுச்சு.'

'4: குடுத்திராதீங்க. எங்க கொசு ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போச்சு. இன்னும் திருப்பல.'

மறுபடி நாற்பது வெள்ளை வரிகள். அதற்கும் கீழே:

'9: எங்க கிளையில ஒழுகாத இடமே இல்ல. நூலகரைத் தூக்கி மேல்தட்டுல அடுக்கிட்டோம்.'

'4: எந்த வரிசை எண்ணுல?'

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாளுக்கு ஒரு புளுகு. மூன்று வருடமாக. ஊழியர் திரையில் குறிப்பின் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சம் உருட்டுகிறவர்களுக்கு. களிமண்ணை யார் உருட்டப் போகிறார்கள்?

ஆட்டத்துக்கு விதிகூட இருந்தது. பெயர் கேட்டால் ஆட்டம் முடிந்தது. போன் நம்பர் கிடையாது. புளுகு மட்டும்.

அவள் அடிவரை போனாள்.

'9: இருக்கீங்களா?'

'9: கோவமா? உங்க கொசுவைக் குறைச்சுச் சொன்னதுக்கா?'

'9: இது புளுகில்ல. முப்பத்தொண்ணாம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட். அன்னிக்கு மத்தியானம் ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க. வரலைன்னா, நீங்களே ஒரு புளுகுன்னு நெனச்சுக்கிறேன்.'

நான்கிடமிருந்து பதில் இல்லை.

ஏன் இல்லை?

தேடினாள். தேட அதிக நேரம் ஆகவில்லை. மூன்று வாரம் முன்பு நான்காம் கிளையில் மட்டும் வெள்ளோட்டமாகப் புதிய திரையைப் போட்டிருந்தார்கள். அதில் குறிப்பின் முதல் வரி மட்டுமே தெரியும். கீழே உருட்ட வழியில்லை. எழுதவும் வழியில்லை.

போட்டவள் அவளேதான்.

மூன்று வாரமாக அங்கே யாரோ ஒருவர், எதிர்முனைக்குக் குரல் கொடுக்க வழியில்லாமல், 'அட்டை கிழிந்துள்ளது' என்ற ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்று இருபத்தொன்பது.

நிரலை ஓட்டினால் எல்லாம் ஒரே வரியாகச் சேர்ந்துவிடும். கொசு, மேல்தட்டு நூலகர், மூஞ்சியைக் காட்டச் சொன்னது, எல்லாம் இருபத்திரண்டு கிளைகளின் திரையிலும் வரும். மாவட்டமே சிரிக்கும். குறிப்பை அழித்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒன்பது மட்டும் முப்பத்தொன்றாம் தேதி மதியம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கீழே இருந்ததை எல்லாம் வெட்டித் தன் கோப்பு ஒன்றில் பத்திரப்படுத்தினாள்.

பிறகு முதல் வரியைத் திருத்தினாள். அரசாங்கத் தமிழில். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

'அட்டை கிழிந்துள்ளது. இப்பிரதியை 31ஆம் தேதி மதியம் ஒன்பதாம் கிளையில் நேரில் ஒப்படைக்கவும். தபாலில் அனுப்பக் கூடாது.'

முதுகுக்குப் பின்னால் டீ வாசனை வந்தது.

"களிமண்ணுக்கு என்ன தாயி இம்புட்டு அவசரம்?"

"ரொம்பக் கிழிஞ்சிருக்கு சார். கையில கொண்டுபோனாத்தான் தாங்கும்."

பொன்னுலிங்கம் திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "களிமண்ணுக்கு மூணு தொகுதியா!" என்றபடி தன் இருக்கைக்குப் போனார்.

அவள் நிரலை ஓட்டினாள். பதினொரு விநாடி. மாவட்டத்தில் ஒரு என்டர்கூட மிஞ்சவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி.

பகல் 12:40. நான்காம் கிளை: பிரதி வெளியே சென்றது.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மூடினாள். திரையைப் பார்த்தாள்.

ஒன்றரை. ஒன்றுமில்லை.

ஒன்றே முக்கால். ஒன்றுமில்லை. ஒரு பேருந்து அந்தத் தூரத்தைக் கடக்க இவ்வளவு நேரமா? நடந்தே நிலாவுக்குப் போய் வந்திருக்கலாம்.

2:05. ஒன்பதாம் கிளை: பிரதி பெறப்பட்டது.

இரண்டுமே ஒற்றை ஆள் கிளைகள். அதற்குப் பிறகு இரண்டு கிளையிலிருந்தும் ஒரு பதிவுகூட வரவில்லை. வழங்கல் இல்லை, திரும்பப் பெறல் இல்லை, எதுவும் இல்லை.

நாலு மணிக்குப் பொன்னுலிங்கம் தலையை நீட்டினார்.

"நாலும் ஒம்போதும் ரெண்டு மணி நேரமா அசையவே இல்லையே தாயி. சர்வர் படுத்துட்டா?"

அவள் திரையைப் பார்த்தாள். இணைப்பு விளக்குகள் இரண்டும் பச்சை.

"இல்ல சார்" என்றாள். "நல்லாத்தான் இருக்கு."