சிக்னல் கிடைத்த இடம்

"அவன் மேடை ஏறினா நான் இறங்கிடுவேன். அவ்வளவுதான்!"

அண்ணன் போட்ட சத்தம் முன்வரிசை முழுக்கக் கேட்டது. சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

மகள் நகை கேட்டாளா, புடவை கேட்டாளா? கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு மாமாவும் என் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ. அது போதும்மா."

அதுதான் நடக்காது போலிருந்தது. அந்த அம்மாவின் அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறு, கித்துத் தகராறு எதுவும் கிடையாது. அண்ணன் வீடு கட்டினார். தம்பி எலக்ட்ரீஷியன். ஆனால் ஒயரிங் வேலை வெளியாளுக்குப் போனது.

"கூப்பிட்டேன், அவன் வரலை" என்பது அண்ணன் கட்சி. "எங்க கூப்பிட்டாரு?" என்பது தம்பி கட்சி. அந்த வெளியாள் செய்த வேலையில், மாடிப்படி சுவிட்சைத் தட்டினால் இன்றைக்கும் குளியலறை விளக்குதான் எரிகிறது.

அவள் கடைசி வரிசைக்கு ஓடினாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீயாவது விட்டுக்கொடேன்டா."

"அவர் இறங்கட்டும்க்கா, நான் ஏறறேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மேடையில் அண்ணன் குடும்பத்தோடு மணமக்கள் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு ஓரத்திலும் குடை மாட்டிய ஃப்ளாஷ் லைட்டுகள். ஒயரே கிடையாது. கேமரா தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ட்ரிக்கர் இருந்தது. போட்டோகிராபர் பெண் கேமராவை அமுக்கினால் அது சிக்னல் அனுப்பும், இரண்டு லைட்டும் ஒன்றாகப் பளிச்சிடும். காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இப்போது அமுக்கினாள். லைட் எரியவில்லை. மறுபடியும் அமுக்கினாள். ஊஹும்.

"ட்ரிக்கர் மக்கர் பண்ணுதே! இங்க கரண்ட் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

மண்டபமே கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அம்மா மேடையடிக்கு ஓடினாள். தம்பி ஏறுவான், அண்ணன் இறங்குவார், சம்பந்தி முன்னால் மானம் போகும்.

தம்பி ஏறினான். "நான் போட்டோவுக்கு வரலை. ரிப்பேருக்கு வந்திருக்கேன்" என்று பொதுவாக அறிவித்தான்.

"ரிப்பேருக்கு வர்றவனை இங்க யாரும் தடுக்கலை" என்றார் அண்ணன், எதிர்ச் சுவரிடம். இறங்கவில்லை!

போட்டோகிராபர் பெண் இன்னொரு குட்டிப் பெட்டியை நீட்டினாள். "இது எக்ஸ்ட்ரா ட்ரிக்கர் சார். மேடைக்கு நடுவுல நின்னு ஒருத்தர் இதை அமுக்கினா லைட் எரியும்னு நினைக்கிறேன்."

தம்பி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். கீழே நின்ற அக்காவைப் பார்த்தான். ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தான். பிறகு பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான்.

"ஆமா. நடுவுலதான் நிக்கணும்."

பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓரடி வைத்தான். "இங்க சிக்னல் இல்லை." இன்னும் ஓரடி. "இங்கயும் இல்லை." இன்னும் ஓரடி. அவன் தோள் அண்ணன் தோளில் இடித்தது.

"ம்… இங்கதான் எடுக்குது."

"எல்லாரும் என்னைப் பாருங்க!" என்றாள் போட்டோகிராபர்.

பளிச்!

மண்டபம் கைதட்டியது. கல்யாணப் பெண் ஓடி வந்து இரண்டு மாமாக்களுக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.

"தோள்ல கை போட்டா இன்னும் நல்லா எடுக்கும்" என்றான் தம்பி.

"என்ன மிஷினோ, மனுஷனைப் படுத்துது!" என்று முணுமுணுத்துக்கொண்டே மருமகளுக்குப் பின்னால் கையை நீட்டித் தம்பி தோளில் போட்டார் அண்ணன்.

பளிச்! பளிச்! மூன்றாவது படத்தில் அண்ணனுக்குப் பல் முப்பத்திரண்டும் தெரிந்தது. கீழே நின்றிருந்த அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

மேடையை விட்டு இறங்கிய அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு பேட்டரியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"போட்டோ எடுக்கற பொண்ணுகிட்ட குடுத்துடு. அவன் கையில இருந்தது வெறும் பெட்டி. அவன் என் பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் லைட் எரியாம பார்த்துக்கோன்னு அந்தப் பொண்ணுகிட்ட காலையிலேயே நான்தான் சொல்லி வெச்சேன்."

அவள் வாயைப் பிளந்தாள். "அப்ப, இறங்கிடுவேன்னு கத்தினது?"

"பின்னே, நானா போய்க் கூப்பிட்டா என் கௌரவம் என்னாகறது? அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே."

பேட்டரிகளை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பினால், எதிரே தம்பி.

"அக்கா, நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். அந்த மாடிப்படி சுவிட்சை நினைச்சா எனக்கே அவமானமா இருக்கு… அது என்ன கையில?"

"ஒண்ணுமில்லைடா."

அவன் சிரித்தான்.

"இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். பேட்டரி இல்லாத பெட்டின்னு கையில வாங்கினதுமே தெரியாதா? அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதேக்கா… பாவம், எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்காரு!"