முதல் மிடறு

ஃபாரஸ்ட் கேட் ஊர்க் குளிரில் கிளின்ரன் தன் வீட்டில் காய்ச்சிய பியர் புளிக்காமலே கிடந்தது. பக்கத்து வீட்டு அருட்பிரகாசத்தின் பியர் வாளி மட்டும் பழைய போர்வைக்குள் நுரைத்துத் தள்ளியது.

"எப்பிடி அண்ணை?"

"காய்ச்சல்கார பிள்ளையைப் பாக்கிற மாதிரித்தான். மணிக்கு ஒருக்கா சூடு பாப்பன்."

சனிக்கிழமை தோட்டத்துக் கொட்டிலில் பியர் போட்டி. காய்ச்சியவர்தான் முதல் மிடறு குடிக்க வேண்டும் என்பது அந்தத் தெருக்காரர் வைத்த சட்டம். கிளின்ரன் அருட்பிரகாசத்தின் பியரை ஊற்றி அவரிடமே கிளாசை நீட்டினான்.

அருட்பிரகாசம் நுரையைப் பார்த்தார். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நான் குடிக்கேல்லை."

"மூண்டு வருசமா இதே கதை! றஜீனா அக்காவுக்குப் பயமோ?"

கொட்டிலே சிரித்தது.

"ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்."

"அப்ப பரிசுக் கப் உங்களுக்கு இல்லை."

"வேண்டாம். அடுத்த மாசமும் காய்ச்சுவன். அடுத்த மாசமும் குடிக்க மாட்டன். உங்கட சட்டத்தை நீங்களே வைச்சிருங்கோ."

வீட்டுப் பின்கதவில் மனைவி றஜீனா காத்து நின்றாள்.

"ஊதுங்கோ."

ஊதினார். முகர்ந்து பார்த்தவள், கலண்டரில் அன்றைய திகதியின் மேல் கோடு போட்டாள்.

"குடியை விட்டு இண்டையோட ஏழு வருசம். பிறகும் ஏன் அந்தச் சனியனோட மாரடிக்கிறியள்?"

அருட்பிரகாசம் சப்பாத்தைக் கழற்றினார்.

"ஒரு காலத்திலை அது சொன்ன இடத்திலை நான் விழுந்து கிடந்தனான், றஜீனா. இப்ப அது என்ர வாளிக்குள்ளை, நான் சொன்ன சூட்டிலை கிடக்கட்டும்."