முதல் தடுப்பூசி

“எத்தனை மாசம் ஆச்சுங்க?”

தடுப்பூசி அறைக்கு வெளியே, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். அவளுக்கு இரண்டு நிமிடம் வாயைச் சும்மா வைத்திருக்க முடியாது. பக்கத்தில் யூனிஃபார்ம் சட்டையோடு ஒரு பஸ் டிரைவர். கையில் புத்தம்புது தடுப்பூசி அட்டை.

“இன்னையோட ஆறும்மா.”

“இப்பத்தான் முதல் ஊசியா?”

“அதுக்கு முன்னாடி போடக் கூடாதுன்னுட்டாங்க. முதல் ஒரு மாசம் கண்ணாடி ரூம்லயே வச்சிருந்தாங்க. வெளிய நின்னு கையாட்டிட்டு டூட்டிக்குப் போவேன்.”

நரைத்த மீசையைப் பார்த்து, காலம் போன காலத்தில் தவமிருந்து பெற்றது போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பாவமாக இருந்தது. பேச்சை மாற்றினாள்.

“இவளுக்கு முடியே வளரலைங்க.”

“வளரும்மா. எங்க வீட்லயும் சுத்த மொட்டை. இப்பத்தான் ஒரு விரற்கடை வந்திருக்கு. சும்மா சும்மா தடவிப் பாத்துத் திட்டு வாங்கறேன்.”

“சாப்பாடு?”

“இப்பத் தேவலை. முன்னெல்லாம் ரெண்டு ஸ்பூன் உள்ள போனா மூணு ஸ்பூன் வெளிய வரும்.”

“எங்க, காணோம்?”

“கீழ வண்டியில. பையன் பாத்துக்கறான். இங்க யாராச்சும் இருமுறாங்களான்னு பாக்க வந்தேன். ரத்த ரிசல்ட் வேற வரணும். நல்லா இருந்தா ஊசி. இல்லேன்னா மறுபடி கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயேதான்.” அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “ரிசல்ட் நல்லா வந்திருக்கு. கூட்டிட்டு வாங்க!”

டிரைவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினார். அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துவிட்டு, குழந்தையைக் கிடத்த வசதியாகத் தன் துண்டை விரித்து வைத்தாள்.

டிரைவரின் தோளைப் பிடித்தபடி ஏறி வந்த, முகக்கவசம் போட்ட அவர் மனைவி அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினாள்.

“குழந்தை எங்கங்க?”

“குழந்தையா? எனக்குத்தாம்மா ஊசி. மார்பகப் புற்றுநோய்க்குக் கடுமையான கீமோ ஏத்தி, முன்னாடியே எடுத்து வச்ச என் ரத்த ஸ்டெம் செல்லையே எனக்குத் திருப்பிக் குடுத்தாங்க. சின்ன வயசுல போட்ட தடுப்பூசியோட பலமெல்லாம் அதுல போயிடுச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்” என்று சிரித்தவள், “உங்க பாப்பா முன்னாடி போகட்டும், அழறாளான்னு பாத்துட்டு நான் வரேன்” என்றாள்.