இறங்காத குப்பி

செல் இரண்டாகப் பிரிய ஒரு நொதி வேண்டும். அந்த நொதியை மட்டும் தேடிப்போய் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி, ஒரேயொரு வெள்ளை முயலின் ரத்தத்தில்தான் உருவானது. அதன் காது ரத்தக்குழாயில் ஊசி குத்தித்தான் ரத்தம் எடுப்பார்கள். போன மாதம் அந்த முயல் செத்துப்போனது. மிஞ்சியது ஒரு குப்பி.

"அது தீர்ந்ததும் கடையைக் கட்டிடும்மா," என்றார் பேராசிரியர்.

"தீரட்டும் சார், பாத்துக்கலாம்," என்றாள் ஆராய்ச்சிக்காரி. இத்தனை வருட உழைப்பை அம்போவென்று விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

தினமும் குப்பியிலிருந்து சொட்டு சொட்டாக எடுத்தாள். அது பட்டதும் பிரியும் செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. குப்பியில் மட்டம் மட்டும் இறங்கவேயில்லை. மூடியை இறுக்கி வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது தங்கை குனிந்து பார்த்தாள். "ஏன்க்கா, இந்தக் காதெல்லாம் ஊசி குத்தின மாதிரி இருக்கு? வலிக்கலையா?"

அக்கா தொட்டுப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகப் பல ஆறியிருந்தன. ஒன்று மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

"ரெண்டு மாச வேலை பாக்கி இருக்குடி," என்றபடி மறு காதைத் தடவினாள். அதில் இன்னும் நிறைய இடம் இருந்தது.