பின்னால் வரும் பெட்டி

“மணி ஏழாவுது. சந்திரகிரி வர்றதுக்குள்ள இன்னொரு தரம் கேளு மாமா,” என்று ஸ்வர்ணலதா இலக்கணப் புத்தகத்தைக் கணவன் குணாவின் மடியில் வைத்தாள்.

பாகாலாவிலிருந்து ரயில் அப்போதுதான் நகர்ந்திருந்தது. திருப்பதியில் ஆங்கிலப் பரீட்சை. தேறினால் அவளுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை. குணா எலக்ட்ரீசியன். அங்கே அவனுக்கு வேலை கிடைக்க அவனும் அதே பரீட்சையில் தேற வேண்டும். “நீயும் எழுதேன்” என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு அவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிளஸ் டூவுக்குச் சமமான இன்டரில் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப விழுந்தவன்.

கேள்வி கேட்க மட்டும் ஒப்புக்கொண்டான். விடைதான் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறதே.

ஆறு மாதமாகக் கேட்கிறான். ஆறு மாதமாக அவள் தப்பாகவே சொல்கிறாள்.

“நேத்து வந்த பேஷன்ட். இங்கிலீஷ்ல சொல்லு.”

“எஸ்டர்டே கேம் பேஷன்ட்.”

“இன்னாமே இது. தமிழு, தெலுங்குல அப்பிடி வரும். இங்கிலீஷ்ல என்ஜின் முன்னால, பெட்டி பின்னால. பேஷன்ட்தான் என்ஜின். நேத்து வந்தது பெட்டி. நடுவுல கொக்கி. த பேஷன்ட் ஹூ கேம் எஸ்டர்டே.”

“கொக்கிக்கு ‘விச்’ போட்டா?”

“மாத்திரைக்குப் போடு. மனுசனுக்கு ‘ஹூ’.”

எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். “வாத்தியாரா நைனா நீ?”

“இல்லக்கா. கரென்ட் வேலை.”

ஸ்வர்ணலதா ஒரு தாளில் எழுதி நீட்டினாள். “மை ஹஸ்பண்ட் ஹூ லிவ்ஸ் இன் பாகாலா இஸ் அன் எலக்ட்ரீசியன். சரியா?”

“கமா எங்க?”

“அது எதுக்கு?”

“கமா இல்லாங்காட்டி பாகாலாவுல ஒரு புருசன், புத்தூர்ல ஒரு புருசன்னு ஆயிடும். ரெண்டு பக்கமும் போடு. அப்பதான் ஒரே புருசன்.”

“இந்த ஒண்ணையே மேய்க்க முடியல,” என்று அவள் கமாவைப் போட்டாள்.

பூக்காரம்மாள் சிரித்தாள். குணாவும் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இவள் தேறிவிட்டால் பாகாலாவில் தனியாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தடவை தேறாமல் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. புத்தகத்தைப் பிரித்து, கடினமான கேள்வியாகப் பார்த்துக் கேட்டான்.

பரீட்சை நடக்கும் கட்டடத்தின் வாசலில் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். குணா அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

“பயப்படாம எழுது. நான் இங்கியே நின்னுக்கினு இருக்கேன். நீ வந்தப்புறம்தான் டிபன் துன்னுவேன்.”

அவள் நகரவில்லை. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கைப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“போன வருசமே ட்யூட்டின்னு சொல்லிட்டு வந்து எழுதி நான் பாஸ் பண்ணிட்டேன் மாமா. இன்னிக்குப் பரீட்சைக்கு உன் பேர்லதான் பணம் கட்டியிருக்கேன். நான் தப்பா சொன்னாத்தானே நீ திருத்துவே. இப்ப சொல்லு, நீ உள்ள போறியா, இல்ல நான் மட்டும் பிளேன் ஏறட்டுமா?”