பயம் விட்டுப்போன கிளிகள்

கிளி அவள் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. காலை மெல்ல உதறிப் பார்த்தாள். அது போகவில்லை.

"பார்த்தியா, வாயாடிக்குப் பயமே விட்டுப்போச்சு. பெத்த பிள்ளைங்ககூட இப்படி ஒட்டாது," என்றார் அப்பா. பால்கனிக் கம்பியில் கட்டியிருந்த தீனித் தட்டைச் சுற்றி இன்னும் மூன்று கிளிகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

கீழ்வீட்டில் குடியிருக்கும் கால்நடை டாக்டரை அவள்தான் கூப்பிட்டிருந்தாள். கிளி என்றால் ஊரைக் கூட்ட வேண்டும். வாயாடி என்று பட்டப்பெயர் வாங்கியதே கொஞ்ச நாளாக வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா குனிந்து ஒரு துண்டால் வாயாடியை அள்ளினார். அது கடிக்கக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயா, காட்டுக்கிளி மனுஷங்க காலைத் தேடி வராது. இது பாசம் இல்ல, உடம்புக்கு ஆகல. ஒரே தட்டுல வாய் வச்சா ஒண்ணுக்கு வந்தது நாலுக்கும் ஒட்டிக்கும். தட்டை எடுத்துடுங்க. ஒரு மாசம் தீனி போடாதீங்க."

அப்பா திரும்பி உள்ளே சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும்.

அம்மா இறந்த பிறகு இரண்டு மாதம் அவர் அந்தச் சுவரோடுதான் குடித்தனம் நடத்தினார். மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, "நான் என்ன பைத்தியமா?" என்று ஜன்னல் வழியே வீசினார். அதனால் அவள் அதைப் பொடித்து, பிசைந்த வாழைப்பழத்தில் தேன் விட்டுக் கலந்து, தினமும் காலையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவாள். வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும்.

மூன்று மாதத்தில் மனிதர் மாறிப்போனார். கிளிகளுக்குத் தட்டு கட்டினார், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். மகளுக்கு மதியச் சாப்பாடுகூட அவரே கட்டினார். இரண்டு ரொட்டி, ஓரத்தில் இனிப்பாக ஏதோ ஒன்று. அவள் இன்னதென்று பார்க்காமலே தின்றுவிடுவாள். மாத்திரையைக் கண்டுபிடித்தவன் நன்றாயிருக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

தேறாதது அவள்தான். அம்மா போன புதிதில் பொழுது விடிந்தால் அழுகை. பிறகு குழாயை மூடியதுபோல அதுவும் நின்றுபோனது. சட்டைக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. போன வாரம் ஒரு கையே இல்லாத சட்டைக்கு 'சரி' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். மேற்பார்வையாளர் குதியாய்க் குதித்தார். அவளுக்கு வெட்கமும் வரவில்லை, பயமும் வரவில்லை. துக்கம் மரத்துப்போனால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போதும் அப்படித்தான். தட்டு போனால் அப்பா மறுபடி சுவருக்கே போய்விடுவார் என்பது புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சு பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

"தட்டு இல்லன்னா இவர் பழையபடி ஆயிடுவாரு டாக்டர். வேற வழியே இல்லையா?"

டாக்டரம்மா கிளியின் கண்ணை விரித்துப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், தரையில் கிடந்த எச்சத்தையும் பார்த்தார்.

"எனக்கே குழப்பமா இருக்கு. சளி இல்ல, கண்ணு சுத்தமா இருக்கு. நோய் மாதிரி தெரியல, எதையோ தின்னுட்டுச் சொக்கிக் கிடக்குற மாதிரி இருக்கு. என்னய்யா போடுறீங்க?"

"கடலை, சோளம்..." அப்பா மகளை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார். "பழமும்."

"எந்தப் பழம்பா?" என்றாள் அவள்.

"கோச்சுக்காதம்மா. எனக்கு வாழைப்பழம் சின்ன வயசுல இருந்தே பிடிக்காது. உங்கம்மாவுக்குத் தெரியும். நீ பாசமாப் பிசைஞ்சு தர்ற, வேணாம்னு சொல்ல மனசு வரல."

"ஒரு நாள்கூடச் சாப்பிடலையா?"

"ஒரு வாய்கூட இல்ல."

அப்படியானால் அவரைச் சுவரிலிருந்து திருப்பியது இந்த நாலு கிளிகள்தான். அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுலதான்பா உங்க மாத்திரையைக் கலந்தேன்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. அப்ப தட்டு இருக்கட்டும், அந்தப் பழத்தை நிறுத்துங்க. இதுங்களை ரெண்டு நாள் நான் கீழ வச்சுப் பார்த்துக்கறேன். தெளிஞ்சதும் பழையபடி கத்தும்."

தட்டு பிழைத்துவிட்டது. ஆனால் அப்பா தட்டையும் பார்க்கவில்லை, கிளிகளையும் பார்க்கவில்லை. வெளிறிப்போன முகத்தோடு மகளின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளிக்குப் பாதிதாம்மா போட்டேன். மீதியை உன் சாப்பாட்டு டப்பாவுல வச்சேன்."