கேட்டில் ஒரு பச்சைத் துண்டு

“இந்தத் தெருவுல மனுஷங்க இருக்காங்களா?” என்று கேட்டாள் கிறிஸ்டினா. குறையாக இல்லை, சந்தோஷமாகத்தான்.

“இருக்காங்கம்மா,” என்றார் குவார்ட்டர்ஸ் சாவியோடு கூட வந்த ஆபீஸ் ஆள் ராஜாங்கம். அவர் ஏன் ரகசியம் பேசுகிற மாதிரிப் பேசுகிறார் என்று அவள் யோசிக்கவில்லை. டாக்டருக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து நெய்வேலிக்கு டியூட்டி டாக்டராக வந்தவள். தனியாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய பாடு. முதலில் காட்டிய குவார்ட்டர்ஸ் கடைத்தெருப் பக்கம், ஒரே இரைச்சல். அடுத்தது டவுன்ஷிப்பின் கோடியில், ஆள் அரவமே இல்லை, பகலிலேயே பயமாக இருந்தது.

இது மூன்றாவது. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. கோடை லீவு வேறு. ஆனாலும் ஒரு பிள்ளைச் சத்தம் இல்லை. பலாப்பழக்காரர்கூட ஹாரன் அடிக்காமல் டி.வி.எஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல, பாவம்.

“பயம்னு ஒண்ணும் இல்லம்மா,” என்றார் ராஜாங்கம். “அக்கம்பக்கத்துல நாலு பேர் பாத்துக்குவாங்க.”

“யாரும் பாத்துக்க வேணாம். என்னைச் சும்மா விட்டாப் போதும்.”

ஒரே ஒரு குறைதான் அவள் கண்ணில் பட்டது. எதிர்வீட்டு கேட்டில், தெருவைப் பார்க்க, ஒரு பச்சைத் துண்டு தொங்கியது.

“இதக் கொல்லையில காயப்போட்டா என்ன? டவுன்ஷிப்புக்கு வந்தும் பழக்கம் போகல பாருங்க!”

“அது இல்லம்மா, அந்தத் துண்டு...”

“விடுங்க. எனக்கு இந்த வீடே போதும்.”

அடுத்தவர் பேச்சை முடிக்கவிடாதவர்களுக்கு எப்போதும் பாதி விஷயம்தான் தெரியும்.

அடுத்த வாரம் குடிவந்தாள். தெரு தலைகீழாக இருந்தது. பிள்ளைகள் ரோட்டிலேயே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட். பந்து மணிக்கு நாலு தரம் அவள் ஜன்னலுக்கு வந்தது. பெண்கள் ஒரு காம்பவுண்டிலிருந்து இன்னொரு காம்பவுண்டுக்குக் கத்தியே குழம்புக்குப் புளி கரைத்தார்கள். பலாப்பழக்காரர் வண்டிக்குப் பெட்ரோலும் கிடைத்துவிட்டது, ஹாரனும் கிடைத்துவிட்டது.

“காட்டினது ஒரு தெரு, குடுத்தது ஒரு தெரு! ஏமாத்திட்டாங்கம்மா,” என்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“காதுல பஞ்சு வெச்சுக்கோடி.”

“நைட் டியூட்டி வரும்போது? தூக்கம் கெட்டுப் போயி ஒரு குழந்தைக்கு மருந்த மாத்திக் குடுத்துட்டேன்னா யாரு பொறுப்பு? இப்படியே இருந்தா வேலைய விட்டுட்டு வந்துடுவேன்.”



நைட் டியூட்டியும் வந்தது. முதல் நாள் சாயங்காலம் நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். தமயந்தி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் கலியனுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. இப்போது பகல் ஷிப்ட்.

“ஏங்க, உங்க பசங்களக் கொஞ்சம் அடக்கி வெக்கிறீங்களா?”

“லீவு வுட்டா பசங்க கத்தாம என்னா பண்ணும் டாக்டரம்மா? உள்ள வாங்க, டீ போடறேன்.”

“டீ குடிக்க வரல. நாளைக்கு நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து நான் பகல்ல தூங்கணும். சத்தம் கேட்டா கம்ப்ளெயிண்ட்தான்.”

“நைட்டா?” தமயந்தி கீரையைக் கீழே வைத்தாள். “அத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா? எதுத்த வூட்டுல இருந்துகினு...”

மிச்சத்தைக் கேட்க கிறிஸ்டினா நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டு, எதிர்வீட்டு நம்பரைச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டாள். சத்தம் கேட்டால்தானே புகார் என்றாள்? அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை கிடையாது.

மறுநாள் காலையில் டியூட்டி முடிந்து வந்து படுத்தவள், கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காது அடைத்துப்போச்சோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள். இல்லை, ஃபேன் சத்தம் கேட்டது. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

உடனே அம்மாவுக்குப் போன்.

“ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட்மா! தெருவே பொட்டிப் பாம்பா அடங்கிடுச்சு. இந்த ஜனங்களுக்கு நல்ல வார்த்தையெல்லாம் ஏறாது. மிரட்டினாத்தான் ஏறும்.”

பேசிக்கொண்டே, நைட்டியும் கலைந்த தலையுமாக வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டு கேட்டில் அதே பச்சைத் துண்டு தொங்கியது.

“அம்மா, போனை வை. திமிரப் பாரு இவங்களுக்கு!”

கேட்டைத் திறந்து தெருவுக்கே வந்து, எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள். “யாருங்க இது? உங்க வீட்டுத் துண்டக் காயப்போட என் கேட்தான் கெடச்சுதா? கம்ப்ளெயிண்ட் குடுத்ததுக்குப் பழி வாங்கறீங்களா?”

தெருவில் அவள் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

பலாப்பழக்காரர் வண்டி நிறையப் பழத்தோடு, இன்ஜினை அணைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். டியூட்டிக்கு ஹெல்மெட்டும் துப்பட்டாவுமாக ஸ்கூட்டியில் பறக்கிற கிறிஸ்டினாவின் முகத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பதறிப்போய் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். உதட்டில் விரல் வைத்தார்.

“இந்தத் தெருவுக்குப் புதுசாம்மா நீ? கேட்ல துண்டு தொங்கினா அந்த வூட்டுல நைட்டு பாத்தவங்க தூங்கறாங்கன்னு தெரியாது? நானே அதுக்காவத்தான் இம்மாம் பாரத்தத் தள்ளிகினு போறேன். உள்ள ஒரு டாக்டரம்மா தூங்கறாங்களாம். கத்தாத, பாவம், அவங்க எழுந்துக்கப் போறாங்க!”